இசைக்குத் தோள் கொடுப்போர்: கப்பா கப்பா சை மாணவர் கழகமும் அதன் நூற்றாண்டு மரபும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசை அறக்கட்டளைப் பொழிவு என்றால் பாடியவரைப் பற்றியோ, இயற்றியவரைப் பற்றியோ, வாசித்தவரைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். அவர்களைப் பற்றிப் பேச அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இன்று வேறொரு வகை மனிதர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவர்களுக்கு வாசிக்கத் தெரியும். மேடையில் இடமும் உண்டு. ஆனாலும் வாசிப்புக்கு முன்னே நாற்காலி போடுவதையும், வாசித்து முடித்தபின் கருவிகளைச் சுமந்து லாரியில் ஏற்றுவதையும் தங்கள் கடமையாக விரும்பி ஏற்றுக்கொண்டவர்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் என்ற சிற்றூரில், 1919ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய மாணவர் கழகத்தின் பெயர் கப்பா கப்பா சை. நூறாண்டு கடந்தும் அது உயிரோடு இருக்கிறது.

ஒரு மரபு எப்படி உயிரோடு இருக்கிறது, எங்கே தடுமாறுகிறது, எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்ற மூன்றையும் இந்தக் கழகத்தின் வரலாற்றில் பார்க்கலாம்.

கிரேக்க எழுத்துப் பெயர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் கழகங்கள் பல உண்டு. 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பாவே இவற்றுக்கெல்லாம் முன்னோடி. கழகத்தின் குறிக்கோள் மொழியில் வரும் சொற்களின் முதல் எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்வது, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை அமைப்பது, புதியவரைச் சடங்கு செய்து சேர்த்துக்கொள்வது, சேர்ந்தவரை வாழ்நாள் முழுவதும் உடன்பிறப்பாகக் கருதுவது ஆகிய வழக்கங்கள் அங்கிருந்து பரவின.

இசை மாணவர்கள் இந்த வடிவத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். பாஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் ஒசியன் எவரெட் மில்ஸ் என்பவர் பணியாற்றி வந்தார். அவர் இசைப் பேராசிரியர் அல்லர். கல்லூரியின் கணக்கு வழக்குகளைப் பார்த்தவர். ஊரைவிட்டு வந்து தனித்திருக்கும் மாணவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். நன்றி தெரிவித்தல் நாளில் அவர்களை மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போய், நோயாளிகளுக்குப் பூக்கள் கொடுக்கச் செய்வார், பாடச் செய்வார். அந்த நட்பு வட்டத்திலிருந்து 1898 அக்டோபர் 6 அன்று பிறந்ததுதான் ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா. இன்றும் அதன் மாணவர்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பாடுகிறார்கள். அந்தப் பணிக்கு மில்ஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சின்ஃபோனியா ஆண்களுக்கு மட்டுமான கழகம். பெண்கள் தங்களுக்கான அமைப்புகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1903இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் சிக்மா ஆல்ஃபா அயோட்டாவும், அதே ஆண்டில் சின்சினாட்டியில் மியூ ஃபை எப்சிலானும் தோன்றின. இவை இசையை முதன்மையாகப் பயின்றவர்களைச் சுற்றி வளர்ந்தவை. இசையைப் பட்டப்படிப்பாகக் கொள்ளாத மாணவர்களுக்கும் இசையின் பெயரால் ஒரு குடும்பம் வேண்டும் என்ற எண்ணம் ஸ்டில்வாட்டரில் எழுந்தது.

வேளாண் கல்லூரியில் ஓர் இசைக்குழு

ஸ்டில்வாட்டரில் இருந்தது இசைக் கல்லூரி அன்று. ஒக்லஹோமா வேளாண் மற்றும் இயந்திரவியல் கல்லூரி. இன்றைய ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் அதுதான். இப்படிப்பட்ட கல்லூரிகள் பலவும் 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தின் வழியே கிடைத்த நில மானியத்தால் வளர்ந்தவை. வேளாண்மையும் பொறியியலும் கற்பிப்பதோடு மாணவர்களுக்குப் படைப்பயிற்சியும் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. படைப்பயிற்சி இருந்த இடத்தில் அணிவகுப்பு இருந்தது. அணிவகுப்பு இருந்த இடத்தில் பாண்டு வாத்தியம் இருந்தது. அமெரிக்கக் கல்லூரி இசைக்குழுவின் வேர்களில் ஒன்று இப்படிப் படைமுகாமில் இருக்கிறது. பின்னர் அது கால்பந்தாட்டத் திடலுக்கு வந்தது. 1907இல் பர்டியூ பல்கலைக்கழகக் குழுவினர் அணிவரிசையைக் கலைத்துத் திடலின் நடுவே தங்கள் பல்கலைக்கழகத்தின் முதல் எழுத்தாக நின்றார்கள். இடைவேளையில் திடலில் உருவங்கள் வரைந்து நிற்கும் இன்றைய கலைக்கு அது ஒரு தொடக்கம்.

1915இல் ஸ்டில்வாட்டர் கல்லூரிக்கு போகுமில் மகோவ்ஸ்கி வந்து சேர்ந்தார். 1878இல் பொகீமியாவில், இன்றைய செக் நாட்டில் பிறந்து, இளம்பருவத்தில் அமெரிக்காவில் குடியேறியவர். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொறியியல் படிக்க வந்தவர்களுக்கும் கிளாரினெட்டும் கார்னெட்டும் சொல்லிக்கொடுத்து, அவர்களை நாடறிந்த இசைக்குழுவாக ஆக்கினார். மாணவர்களுக்கு அவர் ‘போ’. 1943 வரை அந்தக் குழு அவர் கையில் வளர்ந்தது.

அவருடைய மாணவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்க்ராக்ஸ். படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்தவர்களுக்குக் கழகங்கள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் உழைக்கும் பாண்டு மாணவர்களுக்கு ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. நண்பர் ஃபிராங்க் மார்ட்டினோடு பேசினார், ஆசிரியரிடம் போனார். மகோவ்ஸ்கி இசைந்தார். குழுவிலிருந்து பத்து மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1919 நவம்பர் 27 அன்று கப்பா கப்பா சை தொடங்கியது. முதல் உலகப்போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. மறு ஆண்டில் மாநில அரசிடம் முறைப்படி பதிவு பெற்றார்கள். பிற கல்லூரிகளில் கிளைகள் முளைத்தன. மார்ட்டின் பின்னாளில் பல்லாண்டுகள் கழகத்தின் செயலாளராக இருந்து அதைக் கட்டிக்காத்தார்.

நிறுவனர் என்ற பெயர் மாணவருக்கு. வழிகாட்டும் ஆன்மா என்ற பெயர் ஆசிரியருக்கு. இந்தப் பகிர்வைக் கழகம் இன்றுவரை மாற்றவில்லை. ஆசிரியர் முன்னே நின்று நடத்தியிருந்தால் அவர் ஓய்வுபெற்றதும் அது நின்றுபோயிருக்கக்கூடும். மாணவர்கள் கையில் பொறுப்பு இருந்ததால் ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தானே நடத்திப் பழகியது.

தொண்டின் அன்றாடம்

கழகம் தொடங்கியபோது அதில் பாராட்டும் நோக்கமும் இருந்தது, பணியும் இருந்தது. நாளடைவில் பணிதான் அதன் அடையாளமாயிற்று.

கோடை வெயிலில் அணிவகுப்புப் பயிற்சி நடக்கும்போது தண்ணீர் கொண்டு வருபவர்கள் கழகத்தார். விடியும் முன்பே வந்து பயிற்சித் திடலில் கோடு இழுப்பவர்கள் அவர்கள். இருநூறு முந்நூறு பேர் ஆடுகளத்தில் உருவம் அமைக்க வேண்டுமானால் ஒவ்வொருவரும் எத்தனை எட்டு வைத்து எங்கே நிற்பது என்பது அந்தக் கோடுகளை வைத்தே தெரியும். ஸூசாஃபோன்களையும் முரசுகளையும் லாரியில் ஏற்றி இறக்குவது, சீருடைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, இசைத்தாள்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து அடுக்குவது, வெளியூர்க் குழு வந்தால் வரவேற்று உணவளிப்பது, புதிய மாணவருக்கு நடை சொல்லிக்கொடுப்பது என்று வேலைகள் நீளும். கச்சேரி முடிந்து அவை கலைந்த பிறகு மேடையில் மிஞ்சும் நாற்காலிகளையும் ஸ்டாண்டுகளையும் எடுத்து அடுக்குவதும் அவர்கள் வேலைதான்.

நாகசுர மேளத்தில் ஒத்து ஊதுபவரை நினைத்துப் பாருங்கள். ராகம் அவருடையது அன்று, கைதட்டலும் அவருக்கு வருவதில்லை. ஆனால் அவர் மூச்சு நின்றால் நாயனக்காரருக்கு நிலம் இல்லை. கப்பா கப்பா சை மாணவர்கள் அத்தகைய இடத்தை வலிந்து ஏற்றவர்கள்.

அவர்களில் பலர் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பொறியாளராக, உழவராக, மருத்துவராக, கணக்கராக வாழ்க்கை நடத்தப்போகிறவர்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்த ஒரு மாணவர் அங்குள்ள பாண்டில் பேரிட்டோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தார். கப்பா கப்பா சையில் உறுப்பினராகவும் இருந்தார். அவர் பெயர் நீல் ஆம்ஸ்ட்ராங். 1969 ஜூலையில் சந்திரனில் முதல் அடி வைத்தார். மறுபக்கம், அமெரிக்க அணிவகுப்பு இசையின் அரசர் என்று போற்றப்படும் ஜான் ஃபிலிப் சூசா இதன் மதிப்புறு உறுப்பினர். இசையே வாழ்வாகக் கொண்ட சூசாவுக்கும் வேறு துறையில் பெயர்பெற்ற ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஒரே கழகத்தில் இடம் உண்டு. தொழில்முறைக் கலைஞர்கள் மட்டும் இருந்தால் ஓர் ஊரில் இசை தழைத்துவிடாது. நன்றாகக் கேட்கத் தெரிந்த, ஓரளவு வாசிக்கத் தெரிந்த, அதற்காக உழைக்க மனமுள்ள குடிமக்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை நூறாண்டாக உருவாக்கி வருவதுதான் இந்தக் கழகத்தின் பெருஞ்சொத்து என்று நான் நம்புகிறேன்.

பெண்கள் தட்டிய கதவு

இனி இந்த மரபு தடுமாறிய இடத்துக்கு வருவோம். கழகம் ஆண்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் வந்தது. இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். கல்லூரிப் பாண்டுகளில் பெண்கள் நிறைந்தார்கள். அதே கருவிகளை வாசித்தார்கள். அதே வெயிலில் நடந்தார்கள். கழகத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

டெக்சஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் வேவா பேன்ஸ் என்ற மாணவி இதை எண்ணிப் பார்த்தார். தோழியரைத் திரட்டிப் பெண்களுக்கென ஓர் இசைக்குழுக் கழகத்தைத் தொடங்கினார். பாண்டு இயக்குநர் வைலி துணைநின்றார். ஆனால் தேசிய அளவிலான கிரேக்க எழுத்துக் கழகங்களுக்கு அந்தக் கல்லூரியில் அப்போது இடமில்லை. ஆகவே முதற்கிளை என்ற சிறப்பு ஸ்டில்வாட்டருக்குப் போயிற்று. 1946 மார்ச் 26 அன்று டௌ பீட்டா சிக்மா சட்டப்படி தோன்றியது. விதை போட்ட டெக்சஸ் மாணவியர் பின்னர் இரண்டாம் கிளையானார்கள். முதல் என்ற பெயர் தங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் கழகம் பிறந்தால் போதும் என்று அவர்கள் விட்டுக்கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பெயரை எதிர்பாராமல் உழைப்பது என்று கழகம் சொல்லிவந்ததை, கழகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் செய்து காட்டினார்கள்.

1947 தேசிய மாநாட்டில் கப்பா கப்பா சை அவர்களைச் சகோதரி அமைப்பாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மற்றொரு வழக்கமும் தொடங்கிற்று. பல கல்லூரிகளின் மாணவர்களை ஒன்றுசேர்த்துத் தேசியக் கல்லூரிகளிடை இசைக்குழு என்ற ஒன்றை அமைத்தார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில் அந்தக் குழு கச்சேரி செய்கிறது. அதற்கெனப் புதிய படைப்புகளை இயற்றித் தரும்படி இசையமைப்பாளர்களைக் கழகத்தார் கேட்டு வாங்குகிறார்கள். நாற்காலி சுமக்கும் மாணவர்களின் சந்தாவும் உழைப்பும் புதிய இசை பிறக்கவும் காரணமாகின்றன.

1972இல் அமெரிக்க நாடாளுமன்றம், அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்களில் பால் அடிப்படையில் யாரையும் விலக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. ஒன்பதாம் தலைப்பு என்று அழைக்கப்படும் அந்தச் சட்டம் இசைக் கழகங்களின் முன்னும் கேள்வியை வைத்தது. 1977இல் இரண்டு கழகங்களும் தங்கள் விதிகளைத் திருத்தின. அன்றுமுதல் கப்பா கப்பா சையில் பெண்களும் சேரலாம். டௌ பீட்டா சிக்மாவில் ஆண்களும் சேரலாம்.

அந்த மாற்றத்தால் கழகம் எதை இழந்தது? ஆண்கள் மட்டும் என்ற ஒரு வழக்கத்தை இழந்தது. எதைக் காத்துக்கொண்டது? பாண்டுக்கு உழைப்பவர் யாராயினும் அவர் நம்மவர் என்ற நோக்கத்தைக் காத்துக்கொண்டது. வழக்கமும் நோக்கமும் மோதும் நேரம் எல்லா மரபுகளுக்கும் வரும். அப்போது நோக்கத்தின் பக்கம் நிற்கிறவர்களே மரபைக் காப்பவர்கள்.

சடங்கும் கொடுமையும்

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். புதியவரைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு அழகானது. அதில் உறுதிமொழி உண்டு, முன்னோர் நினைவு உண்டு, இசை உண்டு. அதை வெளியே சொல்வதில்லை என்பதும் அவர்கள் மரபு. அந்தத் திரையின் மறைவில் சில இடங்களில் கொடுமையும் புகுந்துகொள்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் மிகப்பழைய நோய் அது.

2011 நவம்பரில் ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் இசைக்குழுவின் அணிவகுப்பை முன்னின்று நடத்தும் டிரம் மேஜராக இருந்த ராபர்ட் சாம்பியன் என்ற 26 வயது மாணவர் இறந்தார். கறுப்பின மக்களின் பெருமைக்குரிய கல்லூரிகளுள் ஒன்று அது. அதன் ‘மார்ச்சிங் 100’ குழு, 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காகப் பாரிஸ் வீதியில் அணிவகுத்த பெருமை கொண்டது. ஆர்லாண்டோவில் ஒரு கால்பந்தாட்டத்துக்குப் பிறகு, நிறுத்தி வைத்திருந்த பேருந்துக்குள் சக மாணவர்கள் அடித்த அடியில் அந்த இளைஞரின் உயிர் போயிற்று. அந்தக் கொடுமை கழகச் சடங்கு அன்று. இசைக்குழுவுக்குள்ளேயே பழக்கம் என்ற பெயரில் வளர்ந்திருந்த ஒன்று. மாணவர்கள் சிலர் தண்டனை பெற்றார்கள். குழு நிறுத்தி வைக்கப்பட்டு, 2013இல்தான் மீண்டும் வாசித்தது.

அந்த வலி நமக்கும் தெரியும். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தமிழகம் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் இங்கே வந்தது. அமெரிக்காவில் கல்லூரிகள் இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து வெளியிட வேண்டும் என்ற தேசியச் சட்டம் 2024 டிசம்பரில் நிறைவேறியது.

கப்பா கப்பா சையும் டௌ பீட்டா சிக்மாவும் புதியவரை வதைப்பதைத் தங்கள் விதிகளில் தடைசெய்திருக்கின்றன. மீறும் கிளைகள்மேல் நடவடிக்கை எடுக்கின்றன. விதி இருந்தால் போதாது என்பது அவர்களுக்கும் தெரியும். மூத்தவர் பட்டதை இளையவரும் பட வேண்டும் என்ற எண்ணம், பார்ப்பதற்கு மரபைப் போலவே இருக்கும். அதைப் பிரித்தறிய ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: இதனால் இசைக்கும் இசைப்பவருக்கும் நன்மை விளைந்ததா? தண்ணீர் சுமந்ததால் விளைந்தது. கோடு இழுத்ததால் விளைந்தது. ஒரு மாணவரை அடித்து அழ வைத்ததால் எந்தக் காலத்திலும் எந்த இசையும் மேம்பட்டதில்லை. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத வழக்கம் எத்தனை பழையதானாலும் அதை விட்டொழிப்பதே முன்னோருக்கு மரியாதை.

கையளிப்பது எது?

ஸ்டில்வாட்டரில் சாண்டா ஃபே ரயில் நிறுவனம் 1915இல் கட்டிய நிலையம் ஒன்று இருக்கிறது. பயணிகள் போக்குவரத்து நின்ற பிறகு அது பயனற்றுக் கிடந்தது. இரண்டு கழகங்களும் சேர்ந்து 1990களில் அதை வாங்கிச் சீரமைத்துத் தங்கள் தலைமையகம் ஆக்கிக்கொண்டன. ஆண்களுக்கெனத் தொடங்கியதும் பெண்களுக்கெனத் தொடங்கியதும் ஒரே கூரையின் கீழ் இன்று பணி செய்கின்றன. ஊர் கைவிட்ட கட்டடத்தை எடுத்துப் பேணியது அவர்கள் இயல்புக்குப் பொருத்தமான செயல்.

இந்த நூறாண்டில் அவர்கள் ஒரு தலைமுறையிடமிருந்து இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்தது என்ன? பதக்கமும் சின்னமும் நீலமும் வெள்ளையுமான கொடியும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிபவை. சிறந்ததை நோக்கி முயல் என்ற பொருள் தரும் குறிக்கோள் மொழியும் உண்டு. அவற்றைவிட மேலாக, ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் கல்லூரியை விட்டுப் போய்விடும் மாணவர், தான் போன பிறகு வாசிக்கப்போகிறவருக்காக இன்று இசைத்தாள்களை ஒழுங்குபடுத்தி வைக்கிறார். தனக்கு முன்னே யாரோ அப்படிச் செய்ததால்தான் தன்னால் வாசிக்க முடிந்தது என்று அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. நன்றியுணர்வை வேலையாக மாற்றிக் கொடுக்கும் இந்தக் கல்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. கழகத்தின் வழக்கத்தில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்களில் சிலர் பெரிய கலைஞர்கள் ஆவீர்கள். பலர் வேறு தொழிலுக்குப் போவீர்கள். அப்படிப் போகிறவர்கள் இசையை இழந்துவிட்டோம் என்று கருத வேண்டாம். இசைக்குச் செய்யும் தொண்டும் இசை வாழ்வுதான். அதற்கும் பயிற்சி வேண்டும், ஒழுங்கு வேண்டும், தோழமை வேண்டும் என்பதை ஒக்லஹோமாவின் பத்து மாணவர்கள் 1919இலேயே புரிந்துகொண்டார்கள். நீங்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினால் அதற்கு எந்த மொழியில் வேண்டுமானாலும் பெயர் வையுங்கள். ஆனால் முதல் நாளிலேயே மூன்று முடிவுகளை எடுத்துவிடுங்கள்: வேலை எதுவாயினும் கூச்சப்படாமல் செய்வோம், இசையை நேசிக்கும் எவருக்கும் கதவை மூட மாட்டோம், புதிதாக வருகிறவரை மதிப்போடு வரவேற்போம். இந்த மூன்றையும் காப்பாற்றினால் நீங்கள் தொடங்குவது உங்களுக்குப் பின்னும் நிற்கும்.